சந்தையில் நான் பிடித்த கை

பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டு, மேலிடத்துக்குப் பதில் எழுதிவிட்டு, மிச்ச நேரத்தில் பாடம் நடத்துவதுதான் தொடக்கப்பள்ளி ஆசிரியர் தொழில் என்பது உங்களுக்கும் தெரியும், தோழர்களே.

எனக்கு நடந்த அநியாயங்களை வரிசையாகச் சொல்கிறேன். முதலாவது, தொடக்கப்பள்ளி முடியும்வரை என் வாத்தியார் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "ஏலே"தான். இரண்டாவது, வேலைநிறுத்தத்துக்குப் போனதற்காகப் பழனிப் பக்கம் தூக்கியடித்தார்கள். மூன்றாவது, துண்டறிக்கை அச்சடித்ததற்காகப் பதவி உயர்வை நிறுத்தினார்கள். நான்காவது, மூன்று வகுப்புகளை ஒரே அறையில் உட்காரவைத்து என் தலையில் கட்டினார்கள். பின்னால் வந்தவற்றுக்கெல்லாம் கொடி பிடித்தேன். முதலாவதற்காகத்தான் வாத்தியாரானேன்.

பதில் வரும்வரை

காலையில் ஒவ்வொரு பேரையும் முழுசாகப் படித்து, பதில் வரும்வரை காத்திருப்பேன். என் கல்விக் கொள்கை அவ்வளவுதான். தன் பேருக்குத் தலைநிமிர்ந்து பதில் சொல்லும் பிள்ளை நாளைக்குக் கேள்வியும் கேட்கும்.

நாலாம் வகுப்பு முத்துமாரி திடீரென்று பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டாள். அவள் அப்பா கருப்பையா ஆட்டு வியாபாரி. ஆட்டைப் பிடிக்க ஆளில்லையென்று மகளை நிறுத்திக்கொண்டார். நான் தினமும் அவள் பேரைப் படித்துவிட்டுக் காத்திருந்தேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அதிகாரி வருகிறார். அதற்குள் அவள் வராவிட்டால், வேறு பள்ளிக்குப் போய்விட்டாள் என்று எழுதிப் பேரை நீக்கிவிட வேண்டியதுதான் என்றார் தலைமையாசிரியை அருள்மேரி. நான் கொள்கை பேச ஆரம்பித்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க இங்க காத்திருக்கீங்க சார், அவ அங்க ஆட்டோட நிக்கிறா. போய்க் கூட்டியாங்க, பாப்போம்."

அய்யலூரில்

விடுப்புப் போட்டுவிட்டு அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போனேன். அங்கே விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்து அழுத்துவதுதான் பேரம். எனக்கு இது தெரியும். ஆனால் ஊர்வலங்களில் கையைப் பிடித்துப் பேசியே பழகியவன் நான். கருப்பையா துண்டை விரித்து நின்ற நேரம் பார்த்து அவர் கையைப் பிடித்துவிட்டேன். பெண்பிள்ளை ஏன் படிக்கவேண்டும் என்பதற்குக் காரணம் காரணமாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை அழுத்தினேன். கிடாயின் கயிற்றைப் பிடித்திருந்த முத்துமாரி சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டாள். தரகர் காதர் பாய் என் தோளைத் தட்டினார்.

"வாத்தியாரே, நீங்க அழுத்துன அவ்வளவு பெரிய விலைக்கு இந்தச் சந்தையில ஆடே கிடையாது. கிடாயை ஓட்டிக்கிட்டுக் கெளம்புங்க."

கூட்டத்தில்

கிடாய் வேண்டாமென்று கெஞ்சித் தப்பித்து வந்தேன். கருப்பையா அடுத்த பேரத்துக்குத் துண்டை விரித்துவிட்டார். கூட்டத்தன்று அதிகாரி முன்னால் பெற்றோர் உட்கார்ந்திருக்க, அருள்மேரி டீச்சர் முத்துமாரி பேரை நீக்கப் பேனாவைத் திறந்துவிட்டார். அப்போது வாசலில் கருப்பையா நின்றார். பின்னால் சீருடையில் முத்துமாரி. ஆடு பிடிக்க மச்சினன் வருவதாகச் சொல்லியிருக்கிறானாம். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க என் கையைப் பிடித்தார்.

"கிடாய் வேணாம்னுட்டீங்க. ஆனா சந்தையில கையைப் பிடிச்சாச்சு, ஏதாவது ஒரு பேரம் முடியணும்ல. பேரைப் படிங்க சார், நாலு பேருக்குக் கேக்கட்டும்."

எழுந்து நின்று படித்தேன்: "க. முத்துமாரி, நான்காம் வகுப்பு."

என் போராட்ட வாழ்க்கையில் முழுசாக நிறைவேறிய கோரிக்கை இது ஒன்றுதான். அதுவும் ஆட்டுச் சந்தை முறைப்படி.