குமுளி மலையில் பயம் வராமல் போனது

கூடலூரிலிருந்து குமுளி மலை ஏறி, ஏலத் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்பை நான் பல வருடங்கள் ஓட்டினேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதிகம் பேசுகிற ஆளும் இல்லை. ஓட்டுநர் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பொருந்தியது. பின்னால் இருக்கும் பெண்கள் எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்கள். மருமகள் வைத்த சாம்பாரிலிருந்து தோட்டத்து சூப்பர்வைசரின் மீசை வரை எல்லாம் மலையடியில் இருக்கும் லோயர்கேம்ப் தாண்டுவதற்குள் அலசப்பட்டுவிடும். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மழைக்காலம் வந்தால் எங்கள் பக்கத்தில் அணைப் பேச்சு வந்துவிடும். பெரியாறு அணை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தண்ணீர் எங்கள் வயலுக்கு வருகிறது. தண்ணீரை இன்னும் உயர்த்தித் தேக்கு என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். அணை உடைந்துவிடும், வேறு கட்டு என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். காலையில் கீழே ஒரு பேச்சைக் கேட்டுவிட்டுப் புறப்படுவேன். மேலே போனதும் இன்னொன்று காத்திருக்கும். மலையாளம் தெரியாதிருந்தால் பாதியோடு தப்பித்திருப்பேன். எனக்கு நன்றாகவே தெரியும்.

தோட்டத்து சூப்பர்வைசர் மலையாளி. என் வயதுதான் இருக்கும். அவர் வீடு அணைக்குக் கீழே ஆற்றோரம் இருந்தது. "அண்ணாச்சி, மழ பெய்தால் ஒறக்கம் இல்லா," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். கண்கள் சிவந்திருந்தன. அன்று மாலை கூடலூர் டீக்கடையில் ஒருவர், "எல்லாம் நடிப்புப்பா. சும்மா பயந்த மாதிரி காட்டுறாய்ங்க," என்றார். நான் அவருக்கும் தலையாட்டினேன், இவருக்கும் தலையாட்டினேன்.

ஒரு மழைக்காலத்தில் பேச்சு முற்றிவிட்டது. மலை ஏறும் இடத்தில் கொடிகளோடு சிலர் நின்று, தோட்ட ஜீப்புகளை மறித்தார்கள். ஒருவர் செல்போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"அண்ணே, நம்ம தண்ணிய மறிக்கிறவன் தோட்டத்துக்கு ஆளேத்திட்டுப் போறீகளே, இது நல்லாருக்கா? நீங்களே சொல்லுங்க. தண்ணி வேணுமா, வேலை வேணுமா?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எங்கள் ஜீப்புக்கு ஆள் சேர்க்கிற அக்கா, எல்லாரையும்விட மூத்தவர், பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ரெண்டும்தான் வேணும். சோத்துக்கு அரிசியும் வேணும், தண்ணியும் வேணும். போனக் கீழ எறக்குப்பா, மொகத்துல இடிக்குது."

பெண்கள் சிரித்தார்கள். போன் பிடித்திருந்தவர்கூடச் சிரித்தார். ஆனால் வீடியோவில் அது இல்லை. திறந்த வாயோடு என் முகம் மட்டும் இருந்தது. மேலே 'வாயில்லாப் பூச்சி' என்று எழுதி, கேலிப் பாட்டு ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். ஊர் வாட்ஸப் குழுக்கள் எல்லாவற்றுக்கும் அது போனது. இரண்டு நாள் கழித்து மலையாள எழுத்தோடு அதே வீடியோ மேலேயும் சுற்றியது. குமுளியில் இரண்டு பேர் பானட்டைத் தட்டி, "நாளெ வரண்டா கேட்டோ," நாளைக்கு வராதே என்று சொல்லிச் சிரித்தார்கள்.

வீடியோ சீக்கிரம் நின்றுவிட்டது. மக்களுக்கு வேறு வீடியோ கிடைத்தது. நான்தான் நிறுத்தவில்லை. வண்டியை எங்கே போட்டாலும் போனை எடுத்துப் பார்த்தேன். என் முகம் திரும்ப வருகிறதா என்று பார்க்கப் போய், அணை உடைந்து வீடுகள் மிதக்கிற பொம்மைப் படம், வண்டியை உடைக்கிற படம், அவன் இவனைத் திட்டுவது, இவன் அவனைத் திட்டுவது எல்லாவற்றையும் பார்த்தேன். வீட்டில் டிவியிலும் நாலு பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். முதலில் நெஞ்சு படபடத்தது. பிறகு வயிறு எரிந்தது. அப்புறம் ஒன்றும் இல்லாமல் போயிற்று. என்றைக்கு என்று சொல்லத் தெரியவில்லை.

என் மகளைச் சின்னமனூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுக்குக் குழந்தை பிறந்த செய்தியை மாப்பிள்ளை போனில் சொன்னார். "சரி" என்றேன். அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்துக் காத்திருந்தார். "சரிங்க மாப்பிள்ளை" என்று சொல்லி வைத்துவிட்டேன். என் மனைவி கையில் கரண்டியோடு என்னையே பார்த்தாள்.

"ஆணா பொண்ணான்னு கேட்டீகளா?"

கேட்கவில்லை. அவள் மறுபடி போன் போட்டுக் கேட்டுக்கொண்டாள்.

அந்த வாரம்தான் அது நடந்தது. சாயங்காலம் வேலை முடிந்து இறங்கிக்கொண்டிருந்தோம். ஜீப் நிறையப் பெண்கள். லேசான தூறல். ஒரு கொண்டை ஊசி வளைவில் கீழேயிருந்து பஸ் ஏறி வந்தது. வளைவை முழுதாக அடைத்துக்கொண்டு வந்தது. எனக்குத் தெரிந்தது. பஸ்ஸின் நம்பர் பிளேட்டில் ஒட்டியிருந்த சேறுகூடத் தெரிந்தது. கால்தான் பிரேக்குக்கு உடனே போகவில்லை. மெதுவாக யோசித்துக்கொண்டு போன மாதிரிப் போனது. பெண்கள் கத்தினார்கள். ஜீப்பின் பக்கக் கண்ணாடி பஸ்ஸில் உரசிப் பிய்ந்து போனது. இடது சக்கரம் சுவரோரக் கல்லில் ஏறி இறங்கியது. அவ்வளவுதான். யாருக்கும் அடி இல்லை.

நான் கியரை மாற்றி, தொடர்ந்து ஓட்டினேன்.

அடுத்த வளைவு தாண்டியதும் அக்கா, "தம்பி, ஓரங்கட்டு," என்றார். ஓரங்கட்டினேன். அவர் இறங்கி என் பக்கம் வந்து நின்றார். தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் தாளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பஸ்காரன ஒரு வார்த்த வையலயே நீ."

எனக்குப் புரியவில்லை.

"எந்த டிரைவரா இருந்தாலும் அவன் ஆத்தாள அப்பன இழுத்திருப்பான். நீ வாய் பேசாத ஆளுதான், ஆனா இந்த மலையில நீயும் வஞ்சு நாங் கேட்டிருக்கேன். முணுமுணுன்னு வைவ. இன்னைக்கி ஒண்ணுமே சொல்லல. ஒனக்கு வேர்க்கக்கூட இல்ல."

அவர் சொன்ன பிறகுதான் கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை. இத்தனை பேரோடு பள்ளத்தில் போயிருப்போம். அது எனக்குத் தெரிந்தது, டிவியில் வெள்ளச் செய்தி தெரிகிற மாதிரி. வளைவில் பயம் வராத ஓட்டுநர் இந்த மலையில் ஓட்டக்கூடாது. அதுவும் தெரிந்தது. ஆனாலும் அன்று மீதி வளைவுகளையும் நான்தான் ஓட்டி இறக்கினேன். வேறு ஆள் இல்லை. அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் "பிரேக்கு, பிரேக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் வண்டி எடுக்கவில்லை. கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு வாங்கி, முறை வந்து, டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், "மரத்துப் போச்சுங்க," என்றேன். அதைத்தான் சொல்லத் தெரிந்தது. அவர் செருப்பைக் கழற்றச் சொன்னார். பாதத்தில் குச்சியால் குத்தி, தெரிகிறதா என்று கேட்டார். தெரிந்தது. கட்டைவிரலைத் தட்டினார். அதுவும் தெரிந்தது. சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க அனுப்பினார். சர்க்கரை இல்லை. நல்ல மனிதர்தான், பொறுமையாகப் பார்த்தார். வெளியே கூட்டம் அதிகமாக இருந்தது. சத்து மாத்திரை எழுதித் தந்தார்.

மாத்திரையைப் பார்த்துவிட்டு என் மனைவி, "நீங்க என்னான்னு சொன்னீக?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த முறை அவளும் வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "காலு இல்லங்க சார், மனசு மரத்துப்போச்சு. பேத்தி பொறந்ததுக்கே மொகம் அசையலங்க," என்றாள். டாக்டர் நிமிர்ந்து என் முகத்தை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தேனிக்கு எழுதித் தந்தார்.

தேனியில் பெரிய ஆஸ்பத்திரி. ஒரு கதவைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். கதவில் நீளமான ஒரு சொல் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டினேன். 'ஆற்று' என்பது வரைக்கும் வந்ததும் எழுந்துவிட்டேன். ஆற்றுக்காரர்கள், பொதுப்பணித் துறை ஆட்கள் என்று நினைத்தேன். இங்கேயும் வந்து ஆற்றைப் பற்றிக் கேட்பார்களா என்று நடக்க ஆரம்பித்துவிட்டேன். என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பக்கம் வந்த நர்ஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஐயா, அது ஆறு இல்ல. ஆற்றுப்படுத்துநர். சூடா இருக்கிறத ஆத்துவோம்ல, அந்த ஆத்துறது. உள்ள போங்க."

உள்ளே ஒரு பெண், என் மகள் வயது. எதற்கெல்லாம் பயம் வருகிறது என்று கேட்டார்.

"எதுக்கும் வரலம்மா. அதான் வந்திருக்கேன்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். வீடியோவைச் சொன்னேன், சூப்பர்வைசரைச் சொன்னேன், பஸ்ஸைச் சொன்னேன். அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி எனக்குப் பழக்கம் இல்லை. அழுகை வந்தால் அழலாம் என்றார். வரவில்லை. தாங்க முடியாத அளவு பயமும் கோபமும் தினமும் வந்துகொண்டிருந்தால் மனம் கதவைச் சாத்திக்கொள்ளும், அப்போது சந்தோஷமும் சேர்ந்து வெளியே நின்றுவிடும் என்றார். இது பைத்தியம் இல்லை, இதே காரணத்துக்காக வேறு பலரும் வருகிறார்கள் என்றும் சொன்னார். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பெரிய டாக்டர் மாத்திரை எழுதினார். செய்தியை ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். அவர்கள் சொல்லும் வரை மலையில் வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். அதை நானும் எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

இதைப் பெண்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்று மனைவி சொன்னாள். காய்ச்சல் என்றால் நாலாவது நாள் வந்து கூப்பிடுவார்கள், நானும் போய்விடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால் காலையில் ஜீப் நிற்கிற இடத்துக்குப் போய், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், வளைவில் எனக்குப் பயம் வருவதில்லை, நான் ஓட்டினால் உங்களுக்கு ஆகாது.

ஒருத்தி, "மனசுக்கு மாத்திரையா? அண்ணே, எனக்கும் ஒரு அட்டை வாங்கிட்டு வாங்க. எங்க மாமியாளோட இருக்கணும்ல," என்றாள். சிரிப்பு எழுந்தது. இன்னொருத்தி, "நானும் தேனிக்குத்தாண்டி போறேன். கம்பத்து ஆஸ்பத்திரில சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும்னு அங்க போகல," என்று மெதுவாகச் சொன்னாள். சிரிப்பு அப்படியே அடங்கியது. பக்கத்தில் இருந்தவள் அவள் தோளில் கை வைத்தாள்.

அக்கா கேட்டார், "அப்ப வண்டிய யாரு ஓட்டுறது?"

என் மச்சினனிடம் சொல்லி வைத்திருந்தேன். மனைவியின் தம்பி. நன்றாக ஓட்டுவான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"சாவிய அவங்கிட்டக் குடு," என்றார் அக்கா. "நீ வீட்ல உக்காந்தா போனத்தான் பாப்ப. முன்சீட்டுல வா. வளைவு வளைவா ஒனக்குத்தான் தெரியும், அவனுக்குச் சொல்லிட்டு வா."

இப்போது அப்படித்தான் போகிறேன். தோட்டத்தில் மூட்டை ஏற்றி இறக்குகிறேன். மாத்திரையால் வாய் உலர்கிறது. சூப்பர்வைசர் தூங்கினாரா என்று கேட்டுக்கொள்கிறேன். அவரும் என்னைக் கேட்கிறார். மச்சினன் காலையிலேயே அணைப் பேச்சை எடுத்தால், "ஏலே, ரோட்டப் பாத்து ஓட்டுடா," என்று பின்னாலிருந்து அதட்டுகிறார்கள். பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கனமாக இருந்தாள். மற்றபடி ஒன்றும் தோன்றவில்லை. அதையும் தேனியில் சொன்னேன். அவசரம் இல்லை என்றார்கள்.

போன வாரம் இறங்கும்போது மச்சினன் ஒரு லாரியைத் தாண்ட வளைவில் கொஞ்சம் முந்தினான். எதிரே ஒரு கார் வந்தது. அவன் சமாளித்து உள்ளே வந்துவிட்டான். லாரிக்காரனையும் கார்க்காரனையும் சேர்த்து வைதான்.

"அண்ணே," என்று பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "அங்கன பிரேக்கு இல்லண்ணே."

குனிந்து பார்த்தேன். என் வலது கால் ஜீப்பின் வெறும் தகரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. முழு பலத்தோடு, விரல்கள் மடங்கும் அளவுக்கு. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அது வழக்கம்போலத்தான் அடித்தது. கால் மட்டும் எடுக்க வரவில்லை. லோயர்கேம்ப் வரும்வரை அப்படியே வைத்திருந்தேன்.