காசேயோ, கேசேயோ

ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் ஆலைக்கு எதிரேயுள்ள டீக்கடையில் எங்கள் வேன் நிற்கிறது. டீ போடும் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். கொரியாவுக்கு வேலைக்குப் போக மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறார்.

"விடைபெற ரெண்டு சொல் இருக்கு அண்ணை. போறவைக்குக் 'காசேயோ', நல்லாப் போங்கோ எண்டு. இருக்கிறவைக்குக் 'கேசேயோ', நல்லா இருங்கோ எண்டு," என்கிறார். "இண்டைக்கு அந்த இஞ்சினியரிட்டச் சொல்லிப் பாக்கப்போறன்."

மூலை மேஜையிலிருந்த கொரிய இஞ்சினியர் டீயை முடித்துவிட்டு எழுகிறார். அவர் வாசலை நெருங்கும்போது சிவநேசன் நிமிர்ந்து நின்று, குனிந்து வணங்கி, சத்தமாக, "கேசேயோ" என்கிறார்.

இஞ்சினியர் நிற்கிறார். என்னைப் பார்க்கிறார், அவரைப் பார்க்கிறார். பிறகு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு டீ என்று விரல் காட்டுகிறார். அவர் தோள்கள் சிரிப்பில் குலுங்குகின்றன.

சிவநேசன் முகம் சிவக்கப் பாலை அடுப்பில் வைக்கிறார்.

"பிழையாச் சொல்லிப்போட்டன் அண்ணை. எண்டாலும் மனுசனுக்கு வடிவா விளங்கீட்டுது."