இடப்பக்கம் சாய்ந்த இலை

மருதமுனையில் கடற்கரை வீதிக்கு மூன்றாவது குறுக்கில், நீலக் கதவு போட்ட வீட்டின் பின்னறையில் றாஹிலாவின் தறி நிற்கிறது. வயது நாற்பத்துமூன்று. கணவர் றிஸ்மி விடியச் சுபஹுத் தொழுகையோடு மீன்பிடித் தோணிக்குப் போய்விடுவார். ஆறேகாலுக்கு அவள் தறியில் கால் வைப்பாள். மதியம் லுஹர் தொழுகைக்கு முன் ஒரு யார் துணி, பின்னேரம் அசருக்கு முன் இன்னுமொரு யார். மூன்று நாளுக்கு ஒரு சாரி இறங்கும்.

நெய்வது அவளுக்குப் பெரிய பாடில்லை, விற்பதுதான் பாடு. கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் தொலைபேசியில் கேட்பார்கள். விலை கேட்பவரோடு பொறுமையாகக் கதைப்பாள். முழுச் சாரியையும் விரித்துப் படம் அனுப்பச் சொல்பவரை மட்டும் நம்பமாட்டாள்.

"முந்தானையில ஒரு முழம் காட்டுறன். புடிச்சா எடுங்க. முழுசையும் வீட்டுல வெச்சு விரிச்சுப் பாருங்க" என்பாள்.

காரணம் இருந்தது. 2021இல் அவள் போட்ட அலைக்கரை, முப்பத்துநான்கு நாளில் மில் துணியில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏழு மாதம் கட்டத்தாளில் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து ஒரு இலைக்கரை போட்டாள். வலப்பக்கம் சாய்ந்த சிறிய இலைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நரம்பு. 2023 நவம்பரில் முதல் சாரியை இறக்கி அலுமாரியில் பூட்டினாள். நோன்புக்கு முன் பதினொரு சாரியாக ஒரேயடியாக வெளியே விடுவது அவள் எண்ணம்.

தறியடிக்கு வருகிற ஒரே வெளியாள் நபீஸா. ஐம்பத்தொரு வயது, அடுத்த ஒழுங்கையில் தனிக் குடித்தனம். பன்னிரண்டு வருடமாக றாஹிலாவுக்குப் பாவு என்கிற நீள இழைகளை ஓடித் தருவதும், குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சிகளில் நூல் சுற்றித் தருவதும் அவள்தான். புதுப் பாவை இழையிழையாகத் தறியின் விழுதுக் கண்களுக்குள் கோக்கும்போது ஒருத்தி பின்னாலிருந்து இழையை எடுத்து நீட்ட, மற்றவள் முன்னாலிருந்து கொக்கியால் இழுக்கவேண்டும். நீட்டுகிற கை நபீஸாவுடையது. இதே வேலையை ஸைனம்பு வீட்டிலும் அஸ்ஹர் வீட்டிலும் செய்தாள். அந்த மூன்று வீடுகள்தான் அவளுடைய அடுப்பு.

2024 ஜனவரி 18, வியாழக்கிழமை. றிஸ்மியின் தங்கை சிபானா கல்முனைக் கடைத்தெருவிலிருந்து ஒரு பையோடு வந்தாள்.

"மதினி, இதைப் பாருங்க. ஒங்கட இலைதானே இது? ஸாஜித்ட மில் சாரி. கடையில கட்டுக்கட்டாக் கிடக்கு."

ஸாஜித்துக்கு ஊரின் மேற்குப் பக்கத்தில் ஆறு மின்தறிகள் இருக்கின்றன. றாஹிலா பையைப் பிரிக்காமலே பார்த்தாள். பொலித்தீனுக்குள் மடிப்பின் மேலே அவளுடைய இலை தெரிந்தது. மூன்று நரம்பும் இருந்தன. ஆனால் இலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. 

இலைக்கரையை அவள் துணியின் முகம் கீழே இருக்கத்தான் நெய்கிறாள். அப்படி நெய்தால் மிதிக்கும்போது காலுக்குப் பாரம் குறைவு. அதனால் தறியில் இருக்கும்வரை கண்ணுக்குத் தெரிவது துணியின் புறம், அதாவது பின்பக்கம். அங்கே இலை இடப்பக்கம் சாயும். அறுத்துத் திருப்பிய பிறகுதான் வலப்பக்கம் சாயும்.

"இது தறியில வெச்சுப் பாத்த கண்" என்றாள் றாஹிலா.

"தறியடிக்கு ஆரு வாற? நபீஸா றாத்தா மட்டும்தான். அவட தம்பிட மகன் எங்க வேலை செய்ற? ஸாஜித்ட மில்லுல."

"வாயை மூடுகா" என்றாள் றாஹிலா. ஆனால் அந்தச் சொல்லில் பலமில்லை. அந்தச் சாரி யாருக்கோ கல்யாணத்துக்குக் கொடுக்க வாங்கியது. சிபானா பையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து நபீஸா செய்ததெல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தால், தறியைச் சுற்றிக்கொண்டு ஏன் போகிறாள்? கரையை விரலால் தடவி "வடிவா இரிக்கி" என்றால், எத்தனை இழை என்று எண்ணினாளா? வெள்ளிக்கிழமை சீக்கிரம் போகவேண்டும் என்றால், எங்கே போகிறாள்? தம்பியின் மகனைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. முன்பும் கதைத்ததில்லை என்பது றாஹிலாவுக்கு நினைவுக்கு வரவில்லை.

ஜனவரி 22, திங்கள். நபீஸா வந்தபோது தறிக்கு மேல் படுக்கை விரிப்பு கிடந்தது. நூல் சுற்றும் ராட்டு வெளி விறாந்தைக்கு வந்திருந்தது.

"என்னகா, தறிக்குக் காய்ச்சலா? போர்த்து வெச்சிரிக்க?"

"தூசி வருது றாத்தா."

நபீஸா வெளியே பார்த்தாள். நாலு நாளாக விடாத மழையில் முற்றம் குளமாகக் கிடந்தது.

"ஓம், தூசிதான்" என்று சொல்லி விறாந்தையில் உட்கார்ந்து நூல் சுற்றினாள். செவ்வாயும் வந்தாள். புதன்கிழமை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

றாஹிலா ஆள் அனுப்பவில்லை. குற்றமுள்ளவள்தான் நின்றுகொள்வாள் என்று தனக்குள்ளேயே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். நபீஸா ஏற்கெனவே ஓடிவைத்திருந்த அடுத்த பாவைக் கோக்கவேண்டி வந்தது. அகலத்துக்கு இரண்டாயிரத்து எழுநூற்று அறுபது இழை. தோணி போகாத ஒரு நாளில் றிஸ்மியைப் பின்னால் உட்காரவைத்தாள். அசருக்குள் நூற்றுநாற்பது இழை ஏறியது. அதிலும் முப்பது பிழை.

"இதைவிடச் சிக்கின வலையைப் பிரிக்கலாம். அந்த மனுசியைக் கூப்பிடு" என்றார் அவர்.

"களவெடுத்தவளையா?"

"நீ கண்டியா?"

காணவில்லை. அதற்காகவே காட்டக்கூடிய ஒன்று வேண்டும் என்று நினைத்தாள். பள்ளிவாசல் நிருவாகத்தில் முறைப்பாடு வைக்க மில் சாரி ஒன்று கையில் வேண்டும். பெப்ரவரி 1ஆம் திகதி கல்முனைக்குப் போய் ஒன்றை வாங்கிவந்தாள். தன்னுடைய முதல் சாரியை அலுமாரியிலிருந்து எடுத்துக் கட்டிலில் விரித்தாள். பக்கத்தில் மில் சாரியை மடிப்புக் குலைத்து விரித்தாள்.

மில் சாரியிலும் இலை வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

புரட்டினாள். இடப்பக்கம். மறுபடி திருப்பினாள். வலப்பக்கம். வெயிலும் கையும் பட்டு முகம் மங்காமலிருக்க, கடைக்காரன் புறம் வெளியே தெரிய மடித்திருக்கிறான். பொலித்தீனுக்குள் அன்று அவள் பார்த்தது புறத்தை. இருபத்தாறு வருடமாகத் தறியில் புறத்தையே பார்த்துப் பழகிய கண், கண்டதும் "இது தறி" என்று சொல்லிவிட்டது. வேறொருத்தி என்றால் பையைப் பிரித்துப் பார்த்திருப்பாள்.

இதைப் போட்டவன் முகத்தைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறான். முகம் தெரிந்தது சாரியை அறுத்த அன்று. அன்று நபீஸா நாவிதன்வெளியில் சாவு விழுந்த ஒரு மையித்து வீட்டுக்குப் போயிருந்தாள். முகம் தெரிய வீட்டைவிட்டு வெளியே போனது ஒரே துண்டு. கொழும்பில் ஒரு கடைக்காரர் மாதிரித் துண்டு கேட்டதால் ஆறு அங்குலம் வெட்டி, பச்சை நூலால் ஓரம் தைத்து, நவம்பர் 9ஆம் திகதி தபாலில் சேர்த்ததும் றாஹிலாதான். "இப்போதைக்கு வேண்டாம்" என்று பதில் வந்தது. அதோடு மறந்துபோனாள்.

ஸாஜித்தின் மில்லுக்குப் போனாள். அவன் மறைக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு துண்டை எடுத்து மேலே வைத்தான். ஓரத்தில் பச்சை நூல்.

"கொழும்புலரிந்து அனுப்பின, றாத்தா. இப்பிடி நூற்றம்பது வேணும் எண்டாங்க. எங்கட ஊர்ச் சாமான் எண்டு ஆரும் சொல்லல்ல."

"இந்தக் கைவேலை எந்த ஊருண்டு பாத்தவுடன வெளங்கல்லியா ஒனக்கு?"

"வெளங்கியிரிந்தா ஒங்களுக்கிட்டக் கேட்டிரிப்பன்."

கேட்டிருப்பான் என்று அவள் நம்பவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று தீர்க்க இருந்தது. அங்கிருந்து நேரே நபீஸாவின் வீட்டுக்குப் போனாள்.

நபீஸா கிணற்றடியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எழும்பவில்லை.

"றாத்தா, நான் பிழை விட்டுட்டன்."

"எந்தப் பிழை? போர்த்ததா, விறாந்தையில இருத்தினதா? தனித்தனியாச் சொல்லு."

றாஹிலா எல்லாவற்றையும் சொன்னாள். இலை, புறம், பச்சை நூல், கொழும்பு. நபீஸா கேட்டுக்கொண்டே மீனைக் கழுவினாள்.

"களவெடுத்தியா எண்டு மூஞ்சிக்கு நேர கேட்டிரிந்தா நானும் மூஞ்சிக்கு நேர ஏசியிரிப்பன். அண்டைக்கே முடிஞ்சிரிக்கும். சரி, ஆருக்கெல்லாம் சொன்ன?"

"சிபானாக்கு மட்டும்."

"சிபானாக்கு மட்டும்!" நபீஸா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "பள்ளி ஸ்பீக்கர்ல மட்டும் எண்டு சொல்லு. ஸைனம்பு வராத எண்டிட்டாவு. அஸ்ஹர்ட பொண்டாட்டி, பாவு இல்ல, பிறகு பாப்பம் எண்டுறா. உள்ளுக்குத் தறி ஓடுற சத்தம் எனக்குக் கேக்குது. ரெண்டு வீட்டுக்கும் நீ போ. ஒண்ட வாயால சொல்லு. அதுக்குப் பிறகு பாவு கோக்க வாறன்."

பெப்ரவரி 3, சனிக்கிழமை. இரண்டு சாரிகளையும் எடுத்துக்கொண்டு போனாள். அஸ்ஹரின் மனைவி துணியைப் புரட்டிப் பார்த்த மாத்திரத்தில் தலையில் கைவைத்தாள். அவளும் நெய்பவள்.

ஸைனம்புவுக்கு அறுபத்தேழு வயது, மூன்று தறிக்குச் சொந்தக்காரி. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கடைசிவரை கேட்டாள்.

"எல்லாம் வெளங்குது மகள். நபீஸாவா ஒன்னை அனுப்பின?"

பொய் சொல்ல றாஹிலாவுக்கு வாய் வரவில்லை. "ஓம். அவ சொல்லித்தான் வந்தன். ஆனா இது எண்ட பிழை, மாமி."

"பாத்தியா. அவ சொல்லித்தானே."

"வந்து சொல்லச் சொன்ன, பொய் சொல்லச் சொல்லல்ல. ரெண்டு கிழமைக்கு முதல் நான் சொன்ன எண்டு சிபானா சொன்னதை ஒரு கேள்வி கேக்காம நம்பின நீங்க. இண்டைக்கு நானே சாமானோட வந்து சொல்றன், இதை மட்டும் ஏன் துருவுறீங்க?"

ஸைனம்பு கோப்பையைக் கையிலெடுத்துக்கொண்டாள்.

"நான் வேற ஆள் பாத்துட்டன் மகள்" என்றாள்.

பெப்ரவரி 5ஆம் திகதி காலை நபீஸா வந்தாள். ஸைனம்பு வீட்டில் நடந்ததை றாஹிலா மறைக்காமல் சொன்னாள். நபீஸா தறிக்குப் பின்னால் உட்கார்ந்து முதல் இழையை நீட்டினாள். இரண்டு நாளில் பாவு முழுவதும் ஏறியது, பிழை நான்கு. வழக்கமாக வேலையோடு வேலையாக ஊர்க்கதை ஓடும். இந்தத் தடவை இழையின் எண்ணிக்கை மட்டுமே வாயில் இருந்தது.

மார்ச் 9ஆம் திகதிக்குள் பதினொரு சாரியும் வெளியே போயின. அஸ்ஹர் வீட்டில் நபீஸாவுக்குப் பெப்ரவரி 12இலிருந்து வேலை. ஸைனம்பு வீட்டிலிருந்து அவளைக் கூப்பிட இன்னும் ஆள் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அசர் தொழுதுவிட்டு றாஹிலா அங்கே போவாள். தேத்தண்ணி வரும், குடிப்பாள். முதல் நாள் சொன்னதையே சொல்வாள். ஸைனம்பு தலையாட்டுவாள். பிறகு றாஹிலா எழும்பி வீட்டுக்கு வருவாள்.