மூலை கறுத்த தாலிப் படம்

மங்கை இறந்த செய்தியை நான் வாசித்துத் தெரிந்துகொண்டேன். எழுபத்து மூன்று வயதுவரை எல்லாச் சாவுச் செய்தியும் யாராவது வாயால் சொல்லித்தான் என்னிடம் வந்தது. இதுதான் என் கண்ணால் வாசித்த முதல் சாவுச் செய்தி.

தேக்காச் சந்தைக் கடையில் பால் சேர்க்காத தே-ஓ வாங்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் தமிழில் ஏதோ வந்தது. தமிழில் வந்தாலே இப்போது எனக்குக் கொண்டாட்டம்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவசரமில்லாமல், ஒவ்வோர் எழுத்தாகப் போனேன். 'மங்கை' என்று வந்ததும் சிரித்தேன். 'அக்கா', 'இன்று', 'காலை'. ஏதோ வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். கடைசிச் சொல் நீளமாக இருந்தது. விரலை வைத்துக் கூட்டினேன். காலமானார். அந்தத் தே-ஓவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

அவரைத் தெரிந்த படக்காரர்களான உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மங்கையர்க்கரசி என்ற மங்கை, சிராங்கூன் சாலைக் கோயில்களிலும் சமூக மன்றங்களிலும் முப்பது ஆண்டுகள் கல்யாணப் படம் எடுத்தவர். நான் காளியப்பன். கப்பல் பட்டறை வேலை முடிந்தபின், ஐம்பத்தாறு வயதிலிருந்து, அவருக்கு விளக்குப் பிடித்தேன், லென்ஸ் பை சுமந்தேன். நான் மெதுவாக எழுதுகிறவன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் வந்தால் அதிகம். அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்டாயில் தகனம் முடிந்து பேருந்துக்கு நடக்கும்போது உங்களில் சிலர் பேசியது என் காதில் விழுந்தது. கடைசிக் காலத்தில் மங்கை சின்னக் கேமராவுக்கு இறங்கிவிட்டார் என்று பேசிக்கொண்டீர்கள். அவர் இறங்கவில்லை. அப்படி ஒரு பேச்சு அவர் பெயரோடு ஒட்டிக்கொள்ள நான் விடமாட்டேன்.

சென்சார் என்றால் என்ன என்று அவர் எனக்கு விளக்கியது மிஞ்சிப்போன ஒரு கல்யாணப் பத்திரிகையை வைத்துத்தான். கத்தரிக்கோலால் அதில் மூன்று துண்டு வெட்டினார். "கேமராவுக்குள்ள வெளிச்சம் விழுற தகடு இதுதான் அண்ணே. இது பெருசு, பழைய பிலிம்ல ஒரு கட்டம் இருக்குமே, அந்த அளவு. இது நடு, அதுல பாதிக்கும் கொஞ்சம் கம்மி. இது சிறுசு, கால்வாசி." சிறுசு என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. மூன்றையும் பையின் மூடிக்கு உள்ளே ஒட்டிவைத்தார். பல ஆண்டுகள் கழித்து, பெருசைவிடப் பெரிய சென்சார் வைத்த கேமராக்கள் நம் கல்யாணங்களுக்கே வந்தபோது, நாலாவதாக ஒரு துண்டு வெட்டி ஒட்டி அதற்கு ராட்சசன் என்று பெயர் வைத்தார்.

புதிதென்றால் அவருக்குப் பயம் கிடையாது. நடுவிலிருந்து பெருசுக்கு முதலில் மாறியவர்களில் அவர் ஒருவர். கனத்தில் செங்கல் போன்ற, நெடுக்காகவும் குறுக்காகவும் பிடிக்க இரண்டு கைப்பிடி வைத்த கேமராவை நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்தார். பிறகு உள்ளே கண்ணாடி இல்லாத கேமராக்கள் வந்தன. கம்பெனிகள் லென்ஸ் மாட்டும் வாயையே மாற்றின. இத்தனை லென்ஸையும் என்ன செய்வது என்று நீங்கள் எல்லோரும் தலையில் கை வைத்தீர்கள். அவர் மட்டும் புதுக் கேமராவைக் காதருகே வைத்து, "சத்தமே இல்ல அண்ணே! இனிமே ஐயர் என்னை முறைக்க மாட்டாரு" என்று சிரித்தார். காலத்துக்குப் பின்னால் நின்றவர் என்று இவரையா சொல்வது?

இனி எழுதப்போவது என் கதை. அதை எழுதாமல் அவர் கதையை எழுத முடியாது.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பையில் இரண்டு கேமரா இருந்தன, பெருசு ஒன்று, நடு ஒன்று. அகலமாக எடுக்கும் லென்ஸும் இரண்டு. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். நடுவுக்கான லென்ஸைப் பெருசிலும் மாட்டலாம், ஆனால் அது சென்சாரின் ஓரம்வரை வெளிச்சத்தைக் கொண்டுபோகாது. எது எதற்கு என்று லென்ஸிலேயே எழுதியிருக்கும். எனக்கு அப்போது எந்த எழுத்தும் எறும்பு வரிசைதான். அதனால் யாருக்கும் சொல்லாமல் நானே ஓர் ஏற்பாடு செய்துவைத்திருந்தேன். பெருசின் லென்ஸில் வெள்ளை டேப், நடுவின் லென்ஸில் மஞ்சள் டேப்.

ஒரு முகூர்த்தத்தில் மணவறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஓர் அம்மா அட்சதைத் தட்டை என் கையில் திணித்து, "சும்மாதானே நிக்கிறீங்க, எல்லாருக்கும் குடுங்க" என்றார். கொடுத்தேன். அதே கையோடு பைக்குள் துழாவினேன். ஈர மஞ்சள் பட்டு வெள்ளை டேப்பும் மஞ்சளாகிவிட்டது. "அண்ணே, அகலம்! பெருசுக்கு!" என்று மங்கை பின்னால் கையை நீட்டினார். இரண்டு மஞ்சளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

மாட்டிக் கண்ணில் வைத்த உடனே அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கெட்டிமேளம் கொட்டிவிட்டது. லென்ஸை மாற்றி முடிப்பதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிடும். அவர் மாற்றவில்லை, எடுத்தார்.

மூன்றாம் நாள் பெண்ணின் அம்மா மங்கையின் கடைக்கு வந்தார். படத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "என்னம்மா இது, நல்ல காரியத்துல நாலு மூலையும் கறுப்பு? தாலி கட்டுற படத்துலயா கறுப்பு வரணும்?" என்று அழுதேவிட்டார்.

"லென்ஸ மாத்தி மாட்டிட்டேன். என் தப்புதாம்மா" என்றார் மங்கை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கறுப்ப வெட்டிட்டுத் தர்றேன். மூலையில இருந்தது காத்தாடியும் ஸ்பீக்கரும்தான். உங்க பொண்ணு நடுவுலதான் இருக்கா."

அங்கேயே வெட்டிக் காட்டினார். மாப்பிள்ளையின் விரல் நடுங்குகிறது. பெண் தலை குனிந்தபடி, ஓரக்கண்ணால் அந்த விரலைப் பார்த்து, சிரிப்பை அடக்குகிறாள். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபின் மங்கை கேட்டார். "அண்ணே, உங்களுக்கு எழுத்து தெரியாதா?"

"கண்ணாடி வீட்ல இருக்கும்மா."

"கண்ணாடிய விடுங்க."

நான் பையை அடுக்க ஆரம்பித்தேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. எல்லா லென்ஸிலும் இருந்த டேப்பை உரித்துப் போட்டார். புது வெள்ளை டேப் ஒட்டி, கறுப்பு மையால் தமிழில் 'பெருசு', 'நடு' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். "இனிமே வாசிச்சு எடுங்க" என்றார். எனக்கு ஒரு வாரம் கோபம். பிறகு அந்த இரண்டு சொற்களையும் முகம் பார்த்து அடையாளம் வைத்துக்கொண்டேன், நீளமானது ஒன்று, குட்டையானது ஒன்று. பல ஆண்டுகள் எனக்குத் தெரிந்த மொத்தத் தமிழும் அவ்வளவுதான். நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தவறு செய்தது மங்கை என்றுதான் அந்தக் குடும்பம் நம்பிக்கொண்டிருந்தது.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, நீங்கள் எல்லோரும் இன்னும் பெரியதைத் தேடிப் போனபோது, மங்கை சிறுசு வாங்கினார், அதன் லென்ஸிலும் 'சிறுசு' என்று எழுதி ஒட்டினார். ஒரு மண்டபத்தில், உங்களில் ஒருவரான ஜெயராஜ் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். "என்னக்கா, பொம்ம வாங்கிட்டீங்களா?"

"இல்லடா. உன் கேமராவுக்குப் பிள்ள பிறந்திருக்கு. தூக்கிப் பாக்குறியா?"

மண்டபமே சிரித்தது. அன்று வண்டியில் திரும்பும்போது என்னிடம் சொன்னார். "தோள் வலின்னு சொன்னா எல்லாரும் பாவம்னு விட்டுருவாங்க அண்ணே. ஆனா அது பொய். எனக்குத் தோள் நல்லாதான் இருக்கு. அந்தத் தாலிப் படத்துல கறுப்ப வெட்டினப்புறம் மிஞ்சினது நடு சென்சார் அளவுதான். அதுல எது குறைஞ்சிச்சு? இத்தன வருசத்துல ஒருத்தராச்சும் கேட்டாங்களா? அன்னையிலேர்ந்து எனக்கு இந்தச் சந்தேகம்."

சிறுசின் குறையை அவர் மறைத்ததில்லை. "இருட்டுல இது திணறும். திணறட்டும். வெளிச்சம் எங்க இருக்கோ அங்க நான் போறேன்" என்பார். போகவும் செய்தார். பெரிய கேமராவைக் கண்டால் மனிதர்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு சிலையாகிவிடுவார்கள். சிறுசை யாரும் கவனிக்கவில்லை. அப்படி எடுத்ததுதான் அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிமேல் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் படம். கல்யாணம் முடிந்து, பெண்ணை அனுப்பிவிட்டு, மண்டபத்தின் பின்பக்கம் செருப்பைக் கழற்றிப் போட்டுத் தன் பாதத்தைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறார். முகத்தில் நிம்மதியா துக்கமா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

போன ஆண்டு நோய் முற்றி அவர் வேலையை நிறுத்தினார். வீட்டுக்குப் போனேன். "இனிமே பை இல்ல அண்ணே. கை சும்மாதானே இருக்கு, எழுதுங்க" என்றார். நீங்களே சொல்லிக்கொடுங்கள் என்றேன். "ஐயோ, எனக்குப் பொறுமை கிடையாது. அடிச்சிருவேன்" என்றார். சமூக மன்றத்து வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே மூன்று சொற்கள் எனக்குத் தெரிந்திருந்தன. ஆசிரியை ஆச்சரியப்பட்டார்.

பதினாறாம் நாள் கழிந்து, புக்கிட் மேராவில் ஜெயராஜ் வீட்டில் கூடினோம். மங்கை எடுத்த எட்டுப் படங்களைச் சமூக மன்றத்து அறையில் மாட்டலாம் என்று பேச்சு. பெரிய சென்சாரில் எடுத்தவை மட்டும் என்றார் ஜெயராஜ். "சிறுச பெருசா அடிச்சா படம் புள்ளி புள்ளியா உடைஞ்சிரும் அங்கிள். அக்கா பேரு கெட்டுரும் லா." அன்போடுதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு பேச்சில் அவருடைய கடைசி எட்டு ஆண்டும் மேசையைவிட்டுப் போய்விட்டது. நாற்காலி அம்மாவும் போய்விட்டார்.

பிறகு ஜெயராஜ் திரையில் ஒரு படத்தை விரித்தார். "இதப் பாருங்க. இதுதான் நடுவுல வரணும். அந்தக் கண்ணப் பாருங்க, அந்த விரலப் பாருங்க. இதான் பெரிய சென்சார். சின்னதுல இது வருமா?"

அந்தத் தாலிப் படம்.

நாக்குவரை வந்ததை விழுங்கினேன். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். உங்கள் நடுவில் இத்தனை ஆண்டு நான் காப்பாற்றி வைத்திருந்த மானம் அது. ஆனால் அதைக் காப்பாற்றியது நான் இல்லை, அவர். அவர் பெயரைக் காக்க வேண்டிய நாளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிறகு எதற்கு எழுத்துப் படித்தேன்?

"தம்பி, அது நடு சென்சார் படம்" என்றேன்.

"கேமரா பேரு ஃபைல்லயே இருக்கு அங்கிள். பெருசுதான்."

"கேமரா பெருசுதான். வெட்டுறதுக்கு முந்தி எடுத்த படத்தத் திற."

தேடித் திறந்தார். நாலு மூலையும் கறுப்பு. வெட்டிய இடத்தை அளந்து பார்த்தார். நடு சென்சார் அளவைவிட ஒரு நூல்கூடப் பெரிதாக இல்லை.

"அக்கா எப்படி இந்தத் தப்பு பண்ணாங்க?"

"அவங்க பண்ணல. லென்ஸ எடுத்துக் குடுத்தது நான். எனக்கு அப்ப எழுத்து தெரியாது."

ஜெயராஜ் திரையை விட்டு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "அப்ப எப்பப் பாத்தாலும் கண்ணாடி வீட்ல இருக்குன்னு சொல்வீங்களே?"

"கண்ணாடியே கிடையாது தம்பி. போன வருசம்தான் வாங்கினேன்."

முதலில் சிரித்தது நான்தான். பிறகு நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். சிரித்து முடித்து ஜெயராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாற்காலிப் படத்தயும் அடிக்கிறேன் அங்கிள், கதவு அளவுக்கு. உடைஞ்சா நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன். அடி."

போன ஞாயிற்றுக்கிழமை அது சுவரில் ஏறியது. ஜெயராஜ் படத்துக்குக் கிட்டப் போய் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "லேசா உடைஞ்சிருக்கு" என்றார். மூக்க வச்சுப் பாக்குறவனுக்கு நான் படம் எடுக்கல என்று மங்கை சொல்வார். நான் அதைச் சொல்லத் தேவைப்படவில்லை. பின்னால் நின்ற பெண்கள், "கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது" என்று அவரை விரட்டினார்கள். பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றார். அதற்குப் பிறகு நகரவில்லை.

தாலிப் படத்தை இரண்டாக மாட்டினோம், கறுப்பு மூலையோடு ஒன்று, வெட்டியது ஒன்று. அந்தக் கல்யாணப் பெண்ணிடம் முதலிலேயே கேட்டோம். "மாட்டுங்க அங்கிள். அம்மாதான் அன்னைக்கு அழுதாங்க. எனக்கு இப்ப ரெண்டு பிள்ள, ரெண்டும் என்னைப் பாடாப்படுத்துது. கறுப்பு ஒண்ணும் பண்ணல லா" என்றார். எந்தப் படத்தின் கீழும் கேமரா பெயரும் சென்சார் அளவும் போடக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். கறுத்த படத்தின் கீழே மட்டும் என் கையெழுத்தில் ஓர் அட்டை இருந்தது. 'படம்: மங்கை. லென்ஸை மாற்றிக் கொடுத்தது: காளியப்பன்.' ஊர் பார்க்க நான் எழுதிய முதல் வரி அது. அதில் ஒரு பிழைகூட இல்லை என்று என் ஆசிரியையே வந்து பார்த்துச் சொன்னார்.

இனி யாராவது மங்கை இறங்கிவிட்டார் என்றால் என்னிடம் அனுப்புங்கள். தேக்காவில் காலையில் இருப்பேன்.

லென்ஸ்களை எல்லாம் அவர் தங்கை பிரித்துக் கொடுத்துவிட்டார். எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். சின்ன லென்ஸிலிருந்து ஒரு துண்டு டேப்பை மட்டும் உரித்துக்கொண்டேன். மங்கையின் கையெழுத்து, 'சிறுசு'. இப்போது அது என் கண்ணாடிப் பெட்டியின்மேல் ஒட்டியிருக்கிறது. பார்க்காமலே எனக்கு அது தெரியும். ஆனாலும் தினமும் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, முதலில் அதைத்தான் வாசிக்கிறேன்.