மூக்கு வளைந்த காய்

சோளம் கருகும் வாசனை வந்தால் என் நாக்கில் ஏலக்காய் கசக்கும். சிலமலை நிறுத்தத்தில் ஒரு அம்மா தள்ளுவண்டியில் மக்காச்சோளக் கதிரைக் கங்கில் புரட்டிப் புரட்டிச் சுடுகிறார். அந்தப் புகை பஸ்சுக்குள் ஏறியதும் நான் ஜன்னலை இழுத்துச் சாத்துகிறேன். வெக்கையில் ஜன்னல் சாத்துகிறவனைப் பக்கத்தில் இருப்பவர்கள் முறைக்கத்தான் செய்கிறார்கள். என்ன சொல்லி விளக்க.

குரங்கணி ரோட்டில், போடியின் கடைசி வீடுகள் முடிந்து மாந்தோப்பு தொடங்கும் இடத்தில், என் நண்பன் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டிருந்தான். தகரக் கூரை, நாலு மேசை, பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'ஆப்பிரிக்க உணவகம்'. மலையேற வரும் வெளியூர்ப் பிள்ளைகளை நம்பிப் போட்ட கடை. தான்சானியாவில் ஒரு மலைத் தோட்டத்தில் பல வருஷம் சூப்பர்வைசராக இருந்துவிட்டு அந்த ஐப்பசியில்தான் திரும்பியிருந்தான். மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம், உறவு எதுவும் கிடையாது. உறவில் யாரிடமும் எனக்கு அத்தனை ஒட்டுதல் இருந்ததில்லை.

கடை திறந்த அன்று மேலே மலைத் தோட்டத்தில் ஏலக்காய் எடுப்பு, போக முடியவில்லை. ஓய்ந்த பிறகு ஒரு மத்தியானம் இறங்கிப் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று எங்கள் தோட்டத்து ஏலக்காய் ஒரு பொட்டலம். முதல் தரம், பொறுக்கி எடுத்தது. அவன் அதை மோந்துகூடப் பார்க்காமல் மேசை ஓரத்தில் வைத்தான்.

"இது எதுக்கு மாப்ளே. எங் கடைல ஒரு சிட்டிகை மசாலாகூட இந்த ஊர்ச் சரக்கு கிடையாது. அம்புட்டும் அங்கேருந்து மூட்டையா கொண்டாந்தது."

பக்கத்து மேசைப் பிள்ளைகளுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னான்.

முதலில் உகாலி வந்தது. வெள்ளை மக்காச்சோள மாவை வெந்நீரில் கொட்டி, துடுப்பு நிற்கும்வரை கிண்டி, தட்டில் கவிழ்த்த ஒரு வெள்ளைக் குன்று. அடி லேசாகப் பிடித்திருந்தது. இதற்காகவா கடல் தாண்டிப் போனாய், நம் ஊரில் இதைக் கோழிக்கல்லவா போடுவார்கள் என்றேன். கோழி நன்றாகத்தானே இருக்கிறது, நீயும் தின்னு என்றான். பிய்த்து உருட்டி, கட்டைவிரலால் ஒரு குழி போட்டு, அந்தக் குழியில் கீரையை அள்ளிக்கொள்ள வேண்டும். சொல்லிக் கொடுத்தான். என் குழி இரண்டு தரம் உடைந்தது. கேப்பைக்களியை விழுங்கிப் பழகிய தொண்டை, மென்று தின்னச் சொன்னதும் திகைத்து நின்றது. பிறகு அதன் மெல்லிய இனிப்பு, எங்கோ பின்னாலிருந்து, கூப்பிட்டால் வராத குழந்தை மாதிரி தானாக வந்து மடியில் உட்கார்ந்தது. பிடித்துவிட்டது. இதை எழுதுகிற இப்போதும் மறுக்க மனம் வரவில்லை, பிடித்துத்தான் இருந்தது.

அடுத்து பிலாவு. நம் பிரியாணியைவிடக் குரல் தணிந்தது. பழுப்புச் சோறு, ஆட்டுக்கறி, கிராம்பு, சீரகம். மூன்றாவது கவளத்தில் விரலில் ஒரு ஏலக்காய் நெருடியது.

போடிக்காரன் சோற்றில் ஏலக்காய் கிடந்தால் ஓரமாக ஒதுக்கமாட்டான். கல்யாணப் பந்தியாகவே இருக்கட்டும், நகத்தால் கீறி, உள்ளே ஏல விதையைப் பார்த்து, மோந்து, எந்த மலைக் காய், என்ன ரகம் என்று பக்கத்து இலைக்காரனிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாய். ஏலம் கூறுகிற இடத்தில் சாம்பிள் தட்டுக்குள் கைவிட்டுப் பழகிய ஊர். அத்தனை வருஷம் வெளியே இருந்ததில் அவன் இதை மறந்திருக்க வேண்டும். மறக்காதிருந்தால் எனக்கு வைத்த தட்டிலிருந்தாவது காயைப் பொறுக்கியிருப்பான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

வெந்து ஊதியிருந்தது காய். ஆனாலும் மூன்று விளிம்பில் ஒன்று மட்டும் தூக்கி, நுனி கிளிமூக்காய் வளைந்து. வேகாத காய் இருக்கிறதா என்று கேட்டேன். பெருமையோடு பாட்டிலைக் கொண்டுவந்து சாய்த்தான். என் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்து அவனுடையதன் பக்கத்தில் வைத்தேன். வெயிலில் காய்ந்து வெளுத்தது அவனுடையது. காய் உலர்த்தும் ஸ்டோர் சூட்டில் பச்சை காத்தது என்னுடையது. நிறம்தான் வேறு. மூக்கு ஒன்று.

ஒரு மழை வருஷம் அழுகல் விழுந்து, அவனும் நானும் பாதிப் பாதியாக வைத்திருந்த கூட்டுத் தோட்டம் முழுக்கச் சாய்ந்தபோது, ஓடைக்கரையில் ஒரே ஒரு ஏலத் தூர் மட்டும் நின்றது. அதில்தான் இந்த மூக்கு. அந்தத் தூரைப் பிரித்துப் பிரித்து நட்டோம். தோட்டம் நிறைகிறவரை ஒரு தட்டைகூட, அதாவது தூரிலிருந்து பிரிக்கிற ஒரு கன்றுகூட, வெளியே போகக் கூடாது என்றோம். முதலில் சொன்னது அவன்தான். ராசிங்காபுரத்தில் வாக்கப்பட்ட என் தங்கைக்கும் மேலே ஒரு துண்டுத் தோட்டம் உண்டு. அதுவும் அழுகலில் போயிருந்தது. வந்து ஒரு தட்டை கேட்டாள். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் ஓடையைப் பார்த்தான். இல்லை என்றேன். அன்று திரும்பி நடந்தவள் அதன் பிறகு என் வாசலை மிதிக்கவில்லை. அவள் மகள் சடங்குக்கு எனக்குச் சொல்லி விடவில்லை. தாய்மாமன் இருக்க, ஒன்றுவிட்ட யாரோ சீர்த்தட்டு தூக்கினார்கள். அன்று நான் மலையிலிருந்து இறங்கவே இல்லை.

வெளிநாடு கிளம்பியபோது தோட்டத்தில் தன் பாதியை என் பொறுப்பில் விட்டவன், பெட்டிக்குள் எதை வைத்திருந்தான் என்பது அந்தத் தட்டின் முன்னால்தான் எனக்குத் தெரிந்தது. அவன் எதையும் ஒளிக்கவில்லை. ஒளித்திருந்தால் கோபப்பட்டிருப்பேன், எனக்கும் ஒரு சோலி கிடைத்திருக்கும். ஒரு தட்டையை ஈரச் சாக்கில் சுற்றி, லுங்கிக்குள் மடித்துக் கொண்டுபோனானாம். அந்த மலையில் பேச ஒரு தமிழ்க் குரல் கிடையாது, ராத்திரி ஊர் வாசனைக்கு ஏங்கி, தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால் நட்டானாம். மண் பிடித்துக்கொண்டது. முதலாளி பார்த்தார். பிறகு சரிவு சரிவாக அதுதானாம். நமக்குள் பேசியது நம் மலைக்குத்தானே, கடலுக்கு அந்தப் பக்கம் போனால் நமக்கென்ன குறைச்சல் என்று கேட்டான். அவன் கண்ணில் ஒரு கள்ளமும் இல்லை. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

பாதிப் பிலாவை அப்படியே விட்டுக் கை கழுவினேன். பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன். பக்கத்து மேசையில் யாரோ உகாலியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் வண்டிவரை பின்னாலேயே வந்தான். சாப்பாடு பிடிக்கவில்லையா என்று கேட்டான். நல்லாருக்கு என்றேன், உண்மைதான். வண்டியைக் கிளப்பிவிட்டு, முதலாளியைத் தவிர வேறு யாருக்குக் கொடுத்தாய் என்றேன்.

"அக்கம்பக்கத்துல அம்புட்டுப் பேருக்கும்தான். பாவம், வீடு தேடி வந்து கேட்டாங்க மாப்ளே, எப்பிடி இல்லேங்குறது?"

"எந் தங்கச்சியும் வந்துதான் கேட்டா."