தெருவைப் பார்த்துத் திரும்பிய வரிசை

அம்மாவின் சட்டைப் பொத்தான்களை நான் முதன்முதலில் போட்டுவிட்ட காலை நன்றாக நினைவிருக்கிறது. கட்டட வேலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். அம்மாவுக்கு அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. அன்று இரண்டாவது பொத்தானில் அவள் விரல்கள் தடுமாறி நின்றன. துளையைத் தேடித் தேடிப் பார்த்தாள், பொத்தான் நழுவிக்கொண்டே இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல், "இந்த ஓட்ட சின்னதா பூட்ச்சி, போட்டு வுடு" என்றாள்.

நாலு வருடமாக அதே சட்டை. துளை சிறுத்துப்போக வழியே இல்லை. ஆனாலும் ஒன்றும் கேட்காமல் போட்டுவிட்டேன். மறுநாளும் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அவள் கையிலிருந்து டீ டம்ளர் விழுந்ததும் விடாமல் துருவிக் கேட்டேன். வலது கையில் மூன்று விரல் மரத்துப்போய் மாதக்கணக்காகிறது என்று அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து வெளியே வந்த முதல் ஆள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. உத்திரமேரூரிலிருந்து கம்பெனி பஸ் ஏறி, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கட்டடம் எழும் இடத்துக்கு மேற்பார்வை வேலைக்குப் போகிறேன். தினமும் காலை எட்டு மணிக்கு வேலையாட்களை நிற்கவைத்து ஒரு தாளிலிருந்து படிக்க வேண்டும். பாரம் தூக்கும்போது முட்டியை மடக்குங்கள். சுமையை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். இடுப்பைத் திருகாதீர்கள், காலை எடுத்துவைத்து முழு உடம்பாகத் திரும்புங்கள். தெரிந்த அரைகுறை இந்தியிலும் இதையே சொல்வேன். எவ்வளவு நாள் படித்திருப்பேன். டம்ளர் விழுந்த மறுநாள் "இடுப்பைத் திருகாதீர்கள்" என்ற வரியில் படிப்பதை நிறுத்திவிட்டேன். அம்மா சாரத்தில் நிற்பது கண்ணில் வந்துவிட்டது.

தளம் போடும் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழே கலவை மெஷின் சுற்றும். அதிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் சாரம் கட்டி, படிப்படியாகப் பலகை போட்டு, ஒவ்வொரு பலகையிலும் ஒரு பெண் நிற்பாள். பாண்டு என்கிற இரும்புச் சட்டியில் கலவையை அள்ளிப் போட, அது கை மாறிக் கை மாறி மேலே போகும். ஒரு பாண்டு ஏறக்குறைய நிறைகுடத்தின் கனம். தொடங்கிவிட்டால் முழுத்தளமும் முடிகிற வரை நிறுத்த முடியாது. நடுவில் விட்டால் பழையதும் புதியதும் ஒட்டாமல் மழையில் அங்கேதான் ஒழுகும். அதனால் டீ நேரம் தவிர யாரும் இடத்தை விட்டு அசையமாட்டார்கள். எல்லோரும் சுவரைப் பார்த்து நிற்பார்கள். வலது பக்கம் கீழிருந்து வாங்கி, இடுப்பைத் திருகி, இடது பக்கம் மேலே கொடுப்பார்கள். காலையில் ஏறியது முதல் வேலை முடிகிற வரை அதே திருகல்.

அம்மாவுக்கு மூன்றாவது பலகை. அங்கே பலகைக்குப் பலகை உயரம் அதிகம். எல்லோராலும் முடியாது. நான் ஒண்ணாம் வகுப்பு படிக்கும்போது அங்கே ஏறியவள், வேறு யாருக்கும் அந்த இடத்தைக் கொடுத்ததில்லை.

அரசு மருத்துவமனை டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கழுத்து எலும்புகளுக்கு நடுவில் நரம்பு அழுந்துகிறது என்றார். தலையில் சுமை கூடாது, ஒரே பக்கமாகத் திருகித் தூக்கவும் கூடாது, இப்படியே போனால் கைப்பிடி திரும்ப வராமலே போகலாம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். சில பயிற்சிகளும் எழுதிக் கொடுத்தார். தலைச்சுமையை விட அம்மா ஒத்துக்கொண்டாள். சாதாரண நாளில் கீழே கலவை போடும் வேலை இருக்கிறது. தளம் போடும் நாளை மட்டும் விடமாட்டேன் என்றாள். நான் சம்பாதிக்கிறேனே என்று ஆரம்பித்தேன். அது உன் சம்பாத்தியம் என்றாள், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்போதுதான் ஒரு தப்பு செய்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் மேஸ்திரிக்கு போன் செய்தேன். அவர் எங்கள் தெருக்காரர், எனக்கு மாமா முறை. அம்மாவுக்குக் கை சரியில்லை, லேசான வேலையாகக் கொடுங்கள் என்றேன். சரி பாப்பா என்றார்.

அடுத்த தளம் ஒரு வியாழக்கிழமை. ஆட்களை ஏற்றும் மினி வேன் எப்போதும் எங்கள் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். அம்மா சட்டை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றி, சாப்பாட்டு டப்பாவோடு நின்றிருந்தாள். வேன் வந்தது. வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். அம்மாவின் பலகைக்கு வேறு ஒருத்தியைக் கூட்டிப்போகிறார்கள் என்பது அவளுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. யார் சொல்லியிருப்பார்கள் என்பதும்.

டப்பாவை ணங்கென்று அடுப்பு மேடையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்கையப் பத்தி மேஸ்திரியாண்ட பேச நீ யாருடி? இன்னிக்கி என்னிய தெருவுல நிக்க வச்சிட்ட."

அன்றும் அடுத்த இரண்டு நாளும் அவள் என்னோடு பேசவில்லை. பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டாள். எவ்வளவு நேரம் ஆனது என்று பின்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் நினைத்ததில் எது தப்பு என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்தேன். அம்மாவின் கையைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் தப்பில்லை. வேலையை மாற்ற வேண்டிய இடத்தில் ஆளை மாற்றச் சொல்லியிருக்கிறேன். என் தாளில் எங்கேயும் ஆளை வீட்டுக்கு அனுப்பு என்று எழுதவில்லை.

மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். அவர்மீதும் கோபப்பட முடியவில்லை. அம்மா கை நழுவினால் பாண்டு கீழே நிற்கிறவள் தலையில்தான் இறங்கும், அப்புறம் அவள் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றார். நியாயம்தான். கீழே நான் நிற்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மானாம்பதி போகிற வழியில் ஒரு தளம், எனக்கு அன்று விடுமுறை, இரண்டு பேரும் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிறு வேன் எங்கள் வாசலில் ஹாரன் அடித்தது. வேன் வரும் என்று முந்தின நாளே சொல்லிவைத்திருந்தேன், அம்மா ஏறினாள். கம்பெனி மஞ்சள் தலைக்கவசத்தோடு பின்னாலேயே நானும் ஏறினேன். கும்பலில் வாய் அதிகமுள்ள அத்தை ஒருத்தி உண்டு. என்னைப் பார்த்ததும், "இன்னா இஞ்சினியரம்மா, எல்மெட்டு போட்டுக்கினு வந்துகீற, வண்டிய எங்க வுட்டுட்ட?" என்றாள். வேன் குலுங்கச் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் வழியில் என் தலைக்கவசத்தின் பட்டையைத் தாடைக்குக் கீழே இழுத்துச் சரிசெய்தாள். நான்கு நாளில் அதுதான் முதல் தொடுகை.

அந்தப் புது வீட்டுக்கார அம்மா கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்ததும் மெஷின் சுற்ற ஆரம்பித்தது. நான் இரண்டாவது பலகை, எனக்கு மேல் அம்மா. அரை மணியில் என் தோள் கழன்றுவிடும் போல ஆனது. மண்வெட்டிக்காரர் அவசரத்தில் பாண்டைக் கோபுரமாகக் குவித்துத் தள்ளுகிறார். கனம் ஒரு பக்கம் என்றால், உடம்பு ஒரே திசையில் முறுக்கப்படுவது இன்னொரு பக்கம். துணி பிழிவது போல. ஈரத்துணியை இரண்டு பக்கமும் பிழிவோம். எங்களை ஒரே பக்கமாகப் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அது நடந்தது. நான் கொடுத்த பாண்டை அம்மா வாங்கினாள். வலது கை மூடவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், விரல்கள் திறந்தபடியே நிற்கின்றன. சட்டி சாய்ந்து கலவை முழுக்க என் தலையிலும் தோளிலும் கொட்டியது. சட்டியை மட்டும் அம்மாவின் இடது கை விளிம்பில் பிடித்து நிறுத்திவிட்டது.

வரிசை நின்றது. மேலேயிருந்து மேஸ்திரி எட்டிப் பார்த்து யார் கை என்று கேட்டார். நான்தான் சரியாகக் கொடுக்கவில்லை மாமா என்றேன். வாயில் சிமென்ட் கரகரத்தது.

"பொய் சொல்லாத" என்றாள் அம்மா. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்கைதான். மூணு வெரலு மரத்துப் போயி ஆறு மாசம் ஆவுது. சொன்னா வேலைக்கி கூப்புட மாட்டீங்கன்னு வாய மூடிக்கினு கீறேன்" என்றாள்.

மெஷின் மட்டும் சுற்றியது. மேஸ்திரி டீக்கு இறங்கச் சொன்னார். என் முகத்தைத் துடைக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாய்க்கார அத்தை மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு தோளு தூக்கவே முடியல. தல வாரிக்கறதுக்கு எம்பொண்ணதான் கூப்புடறேன்." எந்தத் தோள் என்று கேட்டேன். வலது. இன்னொருத்திக்கு விடியற்காலையில் கை எறும்பு ஊறுவது போல இருக்குமாம். வலது. டீ ஆறுவதற்குள் ஏழு பேரில் ஐந்து பேர் வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டிவிட்டார்கள். இத்தனை வருடம் ஒரே வேனில் போய் வந்தவர்கள், ஒருத்திக்கொருத்தி இதைச் சொன்னதில்லை.

நான் மேஸ்திரியிடம் இரண்டு விஷயம் கேட்டேன். டீக்குப் பிறகு எல்லோரும் தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்கட்டும், அப்போது பாண்டு இடது பக்கம் வந்து வலது பக்கம் போகும். விழாமலிருக்க முன்னால் குறுக்கே ஒரு சவுக்குக் கழி கட்டிவிடுங்கள். இரண்டாவது, பாண்டைக் குவிக்க வேண்டாம், விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்தட்டும். வேகம் போய்விடும், கலவை இறுகிவிடும் என்றார். வேகம் குறைந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன் என்றேன். கழியைத் தேடிப் போனார்.

தடை வேறு இடத்திலிருந்து வந்தது. கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இடது கைப் பக்கமாக வாங்குவதா, முதல் தளம், நல்ல காரியம், அதெல்லாம் வேண்டாம் என்றார். பெண்களும் தயங்கினார்கள். அவர்களுக்கும் அந்த எண்ணம் உண்டு. என் தாளில் இதற்கு வரி கிடையாது.

அம்மாதான் எழுந்தாள். இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி அந்த அம்மாவின் முன்னால் நீட்டினாள். "யம்மா, ரெண்டு கையாலதான வாங்கறோம். கோயில்ல பிரசாதம் ரெண்டு கையாலதான் வாங்குவீங்க, அதுல எடக்கையின்னு யாரு பாக்கறது? இத்தினி வூட்டுக்கு தளம் போட்ட கைம்மா இது. உங்க வூட்டுக்கு கெடுதி நெனைக்குமா?"

மரத்த விரல்கள் மூன்றும் சேராமல் விலகி நின்றன. வீட்டுக்கார அம்மா அவற்றைப் பார்த்தார். பிறகு, தளம் ஒழுகாமல் இருந்தால் சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அம்மா மூன்றாவது பலகைக்கு ஏறவில்லை. வலி இல்லாத ஒருத்தியிடம், "நீ போ மேல" என்றாள். தான் மெஷினுக்குப் பக்கத்தில், வரிசையின் முதல் இடத்தில் போய் நின்றாள். அங்கே கை நழுவினால் மண்ணில்தான் விழும். யாரும் சொல்லாமல் அவளே எடுத்த முடிவு அது. நான் என் பலகையில் ஏறிவிட்டேன்.

முதல் பத்து நிமிடம் படுமோசம். பாண்டுகள் முட்டிக்கொண்டன. அத்தை பேஜார் பேஜார் என்று என்னைத் திட்டிக்கொண்டே வாங்கினாள். பிறகு கைகளுக்குப் பழகிவிட்டது. கீழே மண்வெட்டிக்காரர் பழக்கத்தில் ஒரு பாண்டைக் குவித்துவிட்டார். அம்மா வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "கொட்டுய்யா" என்றாள். இன்னா தீர்த்தமா குடுக்கறாங்க என்று அவர் முணுமுணுத்தார். அவள் அசையவில்லை. கொட்டினார். அன்றைக்கு வரிசையில் போன ஒவ்வொரு பாண்டின் கனத்தையும் தீர்மானித்தவள் என் அம்மா. வழக்கமாக முடிகிற நேரத்தைவிடக் கால் மணி தாமதமாகத் தளம் முடிந்தது. வீட்டுக்கார அம்மா பிரியாணி போட்டார். கால் மணிக் கணக்கை மேஸ்திரி ஒரு தடவை சொன்னார். மறுபடி சொல்லவில்லை.

அது போன தை மாதம். இப்போது டீக்குப் பிறகு எங்கள் ஊர் வரிசை தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. தெருவில் போகிறவர்கள் முகத்தையும் பார்த்துக்கொண்டு வேலை செய்யலாம் என்று அத்தை புதுக் காரணம் சொல்கிறாள். கழி கட்ட ஒரு தடவை மறந்தபோது அவள் பலகை ஏற மறுத்துவிட்டாள். பாண்டுகளுக்குள் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே மஞ்சள் பெயின்ட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சிமென்ட் அதை மாதம் ஒரு தடவை மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மேஸ்திரி வீட்டு வாசலில் உட்கார்ந்து சுரண்டி மறுபடி போடுகிறேன். எத்தனை தடவை மூடினாலும் போடுவேன்.

டாக்டர் எழுதிய பயிற்சிகளை அம்மா காலையில் முணுமுணுத்துக்கொண்டே செய்கிறாள். நடுவிரலுக்கு உணர்ச்சி வந்துவிட்டது. மற்ற இரண்டும் பாதி. முழுசாக வருமா என்று டாக்டரும் உறுதி சொல்லவில்லை. வேன் ஹாரன் அடிப்பதற்குள் மேல் மூன்று பொத்தான்களை அவளே போட்டுவிடுகிறாள். நான்காவது சில நாள் முடிகிறது, சில நாள் முடிவதில்லை. முடியாத நாளில் என் பக்கம் திரும்பி நிற்கிறாள். துளை சின்னது என்று இப்போதெல்லாம் சொல்வதில்லை.