மஞ்சள் டேப் ஒட்டிய குடை

செவிலிமேட்டில் எங்கள் மாடியில் குடியிருந்தவருக்குக் கெர்னல் எழுதுகிற வேலை. கம்ப்யூட்டரில் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற நிரலாம் அது. லுங்கி, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு மஞ்சள் டேப். தன் பொருள்களில் மற்றவர்கள் எடுக்கலாம் என்பவற்றின் மேலேயே ஒரு துண்டு ஒட்டிவைப்பார். ஏணிக்கு உண்டு, சைக்கிள் பம்புக்கு உண்டு. குடைக்கு இல்லை.

"என்ன சார் இந்தக் கூத்து?" என்றேன்.

"ஆபீஸ் பழக்கம்பா. கெர்னலுக்குள்ள ஆளுக்கொரு வேலை செய்யற குட்டி நிரலுங்க, ஃபங்ஷன்னு சொல்லுவோம், ஆயிரம் இருக்குது. வெளியிலேர்ந்து வர்றவன் எதைத் தொடலாம்னு நாமதான் குறி போட்டு வெளிய விடணும், எக்ஸ்போர்ட்டுன்னு பேரு. முன்னல்லாம் அதை எங்கியோ தனி ஃபைல்ல எழுதி வெச்சாங்க. இங்க மாத்துனா அங்க மறந்துடும். இப்ப அந்தந்த ஃபங்ஷனுக்குக் கீழயே போட்டுடறோம்."

ஒரு மழை நாளில், நெய்து முடித்த பட்டுப்புடவையைக் கடையில் கொடுக்கப் போகக் குடை கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். கைப்பிடியில் டேப்பை ஒட்டிவிட்டுத்தான் கொடுத்தார். அதற்குப் பிறகு கோயிலுக்குக் கிளம்புகிற மாமி வரை தெருவே அந்தக் குடையில்தான் நடந்தது.

"டேப்பைப் பிச்சிடுங்களேன் சார்."

"அதெப்படிபா? ஒருவாட்டி வெளிய விட்டாச்சு. யாராவது அத்த நம்பிக்கினு இருப்பாங்க."

போன ஐப்பசியில் அவர் பஸ் ஸ்டாப்பில் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தார். அவர் குடையைப் பிடித்தபடி வந்த நான் கூப்பிட்டேன். உடனே வந்துவிடவில்லை. கைப்பிடியில் டேப் இருக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் குடைக்குள் நுழைந்தார்.